வெள்ளிக்கிழமை டீ பிரேக்: ஜூஜுவாடிக்காரர்கள் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

வெள்ளிக்கிழமை என்றால் ஓசூர் ஜூஜுவாடிப் பக்கம் இரண்டு விநியோகம் நடக்கும். காலையில் மெஷினுக்குப் பொட்டு வைத்து, பூச் சாற்றி, சூடம் காட்டிப் பொரிகடலை விநியோகம். மாலை டீ பிரேக்கில், வாரம் முழுக்கப் போனில் சேர்த்து வைத்த மீம், ரீல்ஸ், டிரெய்லர், பழைய காமெடி விநியோகம். முதலாவதற்கு யார் சூடம் காட்டுவது, யாருக்கு முதல் பொரி என்று எழுதாத சட்டமே உண்டு. இரண்டாவதற்கு ஒன்றும் கிடையாது. கையில் போன் உள்ளவரெல்லாம் பூசாரி.

வேறு ஊராக இருந்தால் போகட்டும் என்று விட்டுவிடலாம். இங்கே முடியாது. சிப்காட் தொழிற்பேட்டையிலிருந்து வெளியே வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால், பக்கத்தில் இருப்பவர் தர்மபுரிக்காரரா, ஆனேக்கல்காரரா, குப்பத்துக்காரரா, போன மாதம்தான் ஒடிசாவிலிருந்து வந்தவரா என்பது அவர் வாயைத் திறக்கும்வரை தெரியாது. கர்நாடக எல்லையைத் தாண்டினால் அத்திப்பள்ளி, கூப்பிடு தூரம். அதனால் இந்தப் பட்டியலுக்கு ஒரே ஒரு அளவுகோல்தான்: பெஞ்சில் இருக்கிற அத்தனை பேரும் சிரிக்க வேண்டும்; சிரித்தவர்கள் மறுநாளும் அதே பெஞ்சில் சேர்ந்து உட்கார வேண்டும்.

செய்ய வேண்டியவை

1. விளக்கவுரை தேவைப்படாத சரக்கைக் கொண்டு வாருங்கள்.

இதற்கு இலக்கணம் நேசமணி. 2019 மே மாதக் கடைசியில், சிவில் இன்ஜினியரிங் சம்பந்தப்பட்ட ஒரு ஃபேஸ்புக் பக்கத்தில் சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டார்கள். நம்மவர் ஒருவர் வந்து, சுத்தியல் என்று பெயரைச் சொன்னதோடு நிற்காமல், ஜமீன் பங்களாவில் வேலை பார்த்தபோது காண்ட்ராக்டர் நேசமணியின் மண்டையில் இது விழுந்துவிட்டது என்றும் முகத்தில் சிரிப்பே காட்டாமல் எழுதினார். 2001இல் சித்திக் இயக்கிய ‘ஃப்ரண்ட்ஸ்’ படத்தில் வடிவேலுவுக்கு நேர்ந்த அதே விபத்து. யாரோ அவர் இப்போது எப்படி இருக்கிறார் என்று விசாரிக்க, அவ்வளவுதான். ‘நேசமணிக்காகப் பிரார்த்திப்போம்’ என்ற ஹேஷ்டேக் உலக அளவில் டிரெண்டிங்கில் ஏறியது. நாட்டில் புது அரசு பதவியேற்கிற நேரம். ட்விட்டரில் பாதிப் பேர் நேசமணியின் உடல்நிலை பற்றிக் கவலையில் இருந்தார்கள்.

இதில் அடிபட்டது ஒரு கற்பனை மண்டை மட்டும். எந்தச் சாதியும் ஊரும் மொழியும் கிண்டலுக்கு ஆளாகவில்லை. படம் பார்க்காத ஒடியாப் பையனுக்குக்கூட, மேலேயிருந்து சுத்தியல் விழும் காட்சியைக் காட்டினால் போதும். தினமும் சுத்தியல் பிடிக்கிற கை, உடனே சிரிப்பான்.

2. உள்ளூர்ச் சரக்குக்கு முதல் மரியாதை கொடுங்கள்.

எங்கோ இருக்கிற கொரியப் பாட்டுக் குழுவின் பிறந்த தேதி வரை தெரியும். நம் ரோட்டில் செய்த பொருளின் கதை தெரியாது. டைட்டன் விளம்பர இசையை எடுத்துக்கொள்ளுங்கள். தூர்தர்ஷன் காலத்தில் வளர்ந்த யாரையும் எழுப்பிக் கேட்டால் முணுமுணுப்பார். அது மொசார்ட்டின் 25ஆம் சிம்பொனி. 1773இல், பதினேழு வயதுப் பையனாக இருந்தபோது அவர் எழுதியது. 1987இல் ஓசூரில் கடிகாரம் செய்யத் தொடங்கிய கம்பெனி, ஆஸ்திரியாக்காரப் பையனின் மெட்டை இந்தியாவின் கல்யாணச் சீர் மெட்டாக மாற்றிவிட்டது. பெஞ்சில் போனில் அந்தச் சிம்பொனியைப் போட்டுவிட்டு எந்தப் படப் பாட்டு என்று கேட்டுப் பாருங்கள். நாலு மொழியிலும் ஒரே பதில் வரும்.

டி.வி.எஸ் 50யும் அப்படித்தான். 1980இல் ஓசூரிலிருந்து கிளம்பிய மொபெட். அதன் வாரிசான எக்ஸ்.எல்.லில் குடம், கோழிக்கூண்டு, வைக்கோல் கட்டு, ஆட்டுக்குட்டி, நடுவில் எங்கோ ஓட்டுபவர் என்று வருகிற படங்களுக்கு இந்தியா முழுக்க ரசிகர்கள் உண்டு. அந்தப் படம் வந்தால் லைக் போட்டுவிட்டு நகராதீர்கள். இது எங்க ஊர் வண்டி என்று உரிமையோடு சொல்லுங்கள்.

3. பாட்டைப் போடும்போது, அர்த்தம் தெரியாதவர் முகத்தைப் பாருங்கள்.

அவர் கால் தாளம் போட்டால் பாட்டு தேர்வு. ‘கொலவெறி’ 2011 நவம்பர் 16இல் வெளிவந்தது. தமிழும் ஆங்கிலமும் கலந்த அந்தப் பாட்டை அர்த்தம் கேட்காமலேயே வட இந்தியா பாடியது. ‘ரவுடி பேபி’ பாட்டின் வீடியோ 100 கோடிப் பார்வையைத் தொட்டது 2020இல், அதே நவம்பர் 16இல். இரண்டிலும் தனுஷ். 100 கோடியைத் தொட்ட முதல் தென்னிந்தியப் பாட்டு அதுதான். நடனம் அமைத்தவர் பிரபுதேவா, பூர்வீகம் மைசூருப் பக்கம். ஆகவே எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரருக்கும் அதில் பங்குண்டு என்று சொல்லிவிடலாம். 2021இல் இலங்கையிலிருந்து யோஹானியின் சிங்களப் பாட்டு வந்தபோதும் இதே கதைதான். ஒரு சொல் புரியாமல் ஒரு நாடே பாடியது.

4. கிரிக்கெட் கிண்டலை உங்கள் அணியிலிருந்தே ஆரம்பியுங்கள்.

ஜூஜுவாடி பெஞ்சில் மஞ்சள் பாதி, சிவப்பு பாதி. ஐ.பி.எல். தொடங்கிப் பதினேழு சீசன்கள் பெங்களூருக்குக் கோப்பை இல்லை என்பதுதான் நம் பக்கத்தின் நிரந்தர ஜோக்காக இருந்தது. 2025 ஜூன் 3இல் பஞ்சாபை 6 ரன்னில் ஜெயித்து அவர்கள் அந்த ஜோக்குக்கு மூடுவிழா நடத்திவிட்டார்கள். இனி சென்னை ரசிகர் செய்ய வேண்டியது, 2024 மே 18 ஆட்டத்தைத் தானே முதலில் எடுத்துப் போடுவது. கடைசி ஓவர் முதல் பந்தில் தோனி அடித்த சிக்ஸர் 110 மீட்டர் பறந்து சின்னசாமி மைதானத்துக்கு வெளியே போனது. ஈரமாகியிருந்த பழைய பந்து தொலைந்தது. கைக்கு அடக்கமாக வேறு பந்து வந்தது. அடுத்த பந்திலேயே தோனி அவுட். சென்னை வீட்டுக்குப் போனது. அந்த சிக்ஸர்தான் எங்களுக்கு நடந்த நல்ல காரியம் என்று ஆட்டம் முடிந்ததும் சிரித்தவர் தினேஷ் கார்த்திக். சென்னைப் பையன், பெங்களூர்ச் சட்டை. இந்த ஊருக்கு இதைவிடப் பொருத்தமான கதை கிடைக்காது.

தன் காலைத் தானே வாரிக்கொள்பவரிடம் யாரும் சண்டைக்குப் போவதில்லை. ஆனால் அந்தக் கோப்பை வெற்றிக்கு மறுநாள் மைதானத்துக்கு வெளியே நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். அந்த நாளைத் தொடும் எந்த மீமும் பெஞ்சுக்கு வர வேண்டாம்.

5. புதுப்படப் பேச்சில் இரண்டு பக்கத்துக்கும் டிக்கெட் போடுங்கள்.

2022 ஏப்ரல் 13இல் ‘பீஸ்ட்’, 14இல் ‘கேஜிஎஃப் 2’. அந்த வாரம் நாடெங்கும் மீம் போர். நம் பெஞ்சில் போர் தேவையில்லை, ஒரு தகவல் போதும்: கேஜிஎஃப், அதாவது கோலார் தங்கவயல் சுரங்கத்தில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள், வட ஆற்காடு, சேலம், தர்மபுரிப் பக்கத்திலிருந்து போனவர்கள். சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. படத்து ஹீரோ ராக்கி பாய் கன்னடத்தில் கர்ஜித்த ஊரில், பாதிச் சுவரில் தமிழ்தான் எழுதியிருக்கும். இதைச் சொன்னால் விவாதம் எந்தப் படம் பெரிசு என்பதிலிருந்து, எங்க தாத்தா அங்கேதான் வேலை செய்தார் என்று யாராவது ஆரம்பிப்பதற்குத் திரும்பும். மீமைவிட அது சுவையாக இருக்கும்.

6. தேதி பார்த்து அனுப்புங்கள்.

தீபாவளி இரவில் விண்வெளியிலிருந்து எடுத்தது என்று கலர்கலராக மின்னும் இந்தியப் படம் வருஷம் தவறாமல் வரும். அது தீபாவளியே இல்லை. 2003 வரை பல வருஷங்களின் செயற்கைக்கோள் படங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, எந்தக் காலத்தில் எங்கே புதிதாக விளக்கு வந்தது என்று நிறம் பிரித்துக் காட்டியது. நாசாவே 2012இல் இதை விளக்கிவிட்டது. உலகின் சிறந்த தேசிய கீதம் என்று யுனெஸ்கோ அறிவித்த செய்தியும் அப்படித்தான். யுனெஸ்கோ மறுத்த பிறகும் ஓய்வு பெறாத செய்தி.

சுலபமான பரிசோதனை ஒன்று இருக்கிறது. வாட்ஸப்பில் செய்திக்கு மேலே இரட்டை அம்புக்குறி இருந்தால், பல கை மாறி வந்தது என்று பொருள். அதை ஒரு நேரத்தில் ஒரே ஒரு சாட்டுக்குத்தான் அனுப்ப முடியும் என்று 2020இலேயே கட்டுப்படுத்திவிட்டார்கள். அந்த அம்பைப் பார்த்தால் சிப்காட் ஒன்று, இரண்டு ஃபேஸ் முழுக்க ஏற்கெனவே பார்த்தாயிற்று என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

7. சாப்பாட்டு வீடியோவுக்குக் கிழமை பாருங்கள்.

புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்துப் பெரியதம்பி தாத்தாவும் பேரன்களும் 2018இல் தொடங்கிய ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’, 2021இல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்டது. தமிழ் யூடியூபில் அதுதான் முதல் கோடி. அடுத்த வருஷம் கமலின் ‘விக்ரம்’ படத்திலும் முகம் காட்டினார்கள். வயல்வெளி, பெரிய அண்டா, கடைசியில் முதியவர்களுக்கு இலை போட்டுப் பரிமாறுவது; மொழியே தேவையில்லாத வீடியோ. ஆனால் வெள்ளிக்கிழமை கவுச்சி தொடாதவர் பெஞ்சில் இருந்தால், முழு ஆட்டு வீடியோவைச் சனிக்கிழமைக்குத் தள்ளிவையுங்கள். கையில் வெறும் கீரை வடையோடு உட்கார்ந்திருப்பவரைச் சோதிப்பது பாவம்.

8. அடுத்தவர் முகம் என்றால் அனுமதி கேளுங்கள்.

2025 மார்ச்சில் எல்லாரும் ஜப்பானிய கார்ட்டூன் முகமாக மாறினார்கள். செப்டம்பரில் எல்லாரும் பழைய படத்துப் புடவையில் நின்றார்கள். உங்கள் முகத்தை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள். லைன் இன்சார்ஜ் முகம், பக்கத்து மெஷின் அக்கா முகம் என்றால் முதலில் கேளுங்கள். ‘லால் சலாம்’ படத்தில் மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் ஏ.ஐ. மூலம் கொண்டுவந்த ஏ.ஆர்.ரஹ்மான், குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, சம்பளமும் கொடுத்தார். அவரே கேட்டார் என்றால் நாம் கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

செய்யக்கூடாதவை

1. காவிரியில் மீம் கலக்காதீர்கள்.

இந்த ஊருக்கு இது ஏட்டுப் பாடம் இல்லை. 2016 செப்டம்பரில் காவிரிப் பிரச்சினை சூடாக இருந்தபோது, கன்னட நடிகர்களைக் கிண்டலடித்து ஃபேஸ்புக்கில் போட்டதற்காகப் பெங்களூரில் ஒரு தமிழ் மாணவரை அடித்தார்கள். அடித்ததையும் வீடியோ எடுத்துச் சுற்றவிட்டார்கள். அதைப் பார்த்துத் தமிழ்நாட்டில் கன்னடர்கள் மேல் கைவைத்தார்கள். அதையும் வீடியோ எடுத்தார்கள். இரண்டே நாளில் பெங்களூரில் தமிழ்நாட்டு பஸ்கள் எரிந்தன. எல்லையில் பஸ்கள் நின்றுபோய், ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஜூஜுவாடிக்கும் அத்திப்பள்ளிக்கும் இடையே நடந்தார்கள். கல்யாணத்துக்குப் புறப்பட்ட மணப்பெண் ஒருவர் அலங்காரத்தோடு எல்லையை நடந்து கடந்த படம் அப்போது நாடு முழுக்கப் பரவியது.

போனில் ஒரு தட்டு. ரோட்டில் நடப்பது நாம். தண்ணீர் பேச்சு வருகிற மாதங்களில், அந்த மீம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அழித்துவிடுங்கள்.

2. எந்த மொழி மூத்தது என்று பெஞ்சில் பட்டிமன்றம் வைக்காதீர்கள்.

2025இல் கமல்ஹாசன் மேடையில் சொன்ன ஒரே வாக்கியத்தால், ஜூன் 5இல் வெளியான ‘தக் லைஃப்’ கர்நாடகத்தில் வெளியாகவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2017இல் ‘பாகுபலி 2’ வெளியாகும் நேரத்தில், சத்யராஜ் ஒன்பது வருஷத்துக்கு முன் பேசிய வீடியோ கிளம்பி வந்தது. அவர் வருத்தம் தெரிவித்த பிறகே ஏப்ரல் 28இல் படம் சிக்கலின்றி வந்தது. அந்தப் படத்தில் கட்டப்பாவாக வந்தவருக்கே அந்தக் கதி. உச்ச நட்சத்திரங்கள் வக்கீல் வைத்துச் சமாளித்ததை நாம் பை-டூ காபியோடு தீர்த்துவிட முடியாது. பழைய பேச்சைத் தோண்டி எடுத்து இன்றைய தேதியில் அனுப்புகிறவரை நம்பவும் வேண்டாம்.

3. கம்பெனி பஸ்ஸில் ஸ்பீக்கரில் போடாதீர்கள்.

ஜன்னல் சீட்டில் கழுத்து ஒரு பக்கம் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, டிபன் பையை மடியில் கட்டிப்பிடித்துத் தூங்குகிறாரே, அவர் நைட் ஷிப்ட் முடித்தவர். ரீல்ஸில் பதினைந்து விநாடிக்கு ஒரு முறை மாறுகிற சத்தம் அவரைப் பதினைந்து விநாடிக்கு ஒரு முறை எழுப்பும். ஹெட்செட் இல்லையென்றால் ஊமைப்படமாகப் பாருங்கள். சத்தம் இல்லாமலும் சிரிப்பு வருகிற வீடியோதான் பெஞ்சுக்குத் தகுதியானது என்பதும் கூடவே தெரிந்துவிடும்.

4. ஷாப் ஃப்ளோரை ஸ்டேட்டஸ் ஆக்காதீர்கள்.

கேட்டில் கேமரா மேல் ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புவது விளையாட்டுக்கு இல்லை. பின்னணியில் தெரியும் ஒரு ட்ராயிங், ஒரு டை, ஒரு பெட்டி லேபிள் போதும், வேலை போவதற்கு. ரோட்டிலும் அதே கவனம் வேண்டும். கறுப்பு வெள்ளையில் வளைந்து நெளிந்த கோடுகள் ஒட்டிய பைக்கோ ஸ்கூட்டரோ போனால் அது சோதனை வண்டி. பாடியின் வளைவு கண்ணுக்குப் பிடிபடாமல் இருக்கத்தான் அந்தக் கோடு. வெளியூர் ஆட்டோமொபைல் பிரியர்கள் அந்தப் படத்துக்குத் தவம் கிடக்கிறார்கள். அவர்கள் எடுத்துப் போட்டுக்கொள்ளட்டும். அந்த வண்டிக்கு பிராக்கெட் செய்கிற கம்பெனியில் வேலை பார்க்கும் நீங்கள் போடாதீர்கள்.

5. யானையோடு செல்ஃபி எடுக்காதீர்கள்.

தாய்லாந்தின் குட்டி நீர்யானை மூ டெங் 2024இல் உலகத்தையே சிரிக்க வைத்தது. அது கம்பிக்குப் பின்னால் இருந்தது. நம்முடையது அப்படி இல்லை. ராகி விளையும் பருவத்தில் பன்னேர்கட்டாவிலிருந்து தளி, ஜவளகிரி வழியாக வந்து சானமாவுக் காட்டில் தங்குகிற கூட்டத்துக்கு டிரெண்டிங் தெரியாது. வீடியோவுக்காகக் கூச்சல் போட்டு மிரட்டினால், வந்த வழியை விட்டு ஊருக்குள் திரும்பும். வனத்துறை எடுத்த வீடியோ வந்தால் அதைப் பாருங்கள். குட்டி வரப்பில் வழுக்குவதை எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காது.

6. தியேட்டரில் போனைத் தூக்காதீர்கள்.

ஹீரோ அறிமுகத்துக்கு விசில் அடிக்கலாம், காகிதம் பறக்கவிடலாம். ஸ்டேட்டஸில் போட அந்தக் காட்சியை எடுத்தால், 2023இல் திருத்திய ஒளிப்பதிவுச் சட்டப்படி மூன்று மாதத்திலிருந்து மூன்று வருஷம் வரை சிறை. அபராதம் குறைந்தது 3 லட்ச ரூபாய். முப்பது விநாடி ஸ்டேட்டஸ் இருபத்திநாலு மணி நேரத்தில் போய்விடும், கேஸ் போகாது. ஷிப்ட் முடியாதவரிடம் கிளைமாக்ஸைச் சொல்வதற்குச் சட்டத்தில் தண்டனை இல்லை. பெஞ்சில் உண்டு: அன்றைய டீ பில் முழுக்க உங்களுடையது.

7. போலி வீடியோவைச் சிரிப்புக்காகக்கூட அனுப்பாதீர்கள்.

2023 நவம்பரில் ராஷ்மிகா மந்தனாவின் முகத்தை வேறு பெண்ணின் உடலில் ஒட்டிய வீடியோ வந்தது. விராஜ்பேட்டையிலிருந்து வந்து கன்னடம், தெலுங்கு, தமிழ், இந்தி என்று நாலு மொழியிலும் நடிப்பவர். நம் பெஞ்சின் நாலு மொழிக்கும் பொதுவானவர். வீடியோ செய்தவரை டெல்லி போலீஸ் இரண்டு மாதத்தில் பிடித்துவிட்டது. அனுப்பியவர்கள் எல்லாரும் சும்மா ஜாலிக்கு என்றார்கள். நடிகைக்கு நடந்தது நாளைக்கு அசெம்பிளி லைன் பெண்ணுக்கும் நடக்கும். வந்தால் அழியுங்கள், அனுப்பியவரிடம் முகத்துக்கு நேரே சொல்லுங்கள்.

8. ஊர்ப் பெயரை வைத்து ‘ஜூஜூ’ ஜோக் போடாதீர்கள்.

2009 ஐ.பி.எல். சீசனில் வோடஃபோன் விளம்பரத்தில் முட்டைத் தலையோடு வந்த வெள்ளை உருவங்களைச் சொல்கிறேன். புதிதாக வேலைக்குச் சேருகிறவர் ஒவ்வொருவரும் இந்த ஜோக்கைத் தானே கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டு வருகிறார். சொல்லியே தீர வேண்டுமென்றால், பலருக்கும் தெரியாததைச் சொல்லுங்கள்: அது கார்ட்டூன் இல்லை. பெங்களூர் நிறுவனமான நிர்வாணா ஃபிலிம்ஸ், கேப் டவுனில் ஆட்களுக்கு உடையும் தலையும் மாட்டி எடுத்தது.

9. பத்து நிமிடத்தை இருபதாக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று மட்டும் பார்த்துவிடலாம் என்பதுதான் இணையத்தின் மிகப் பழைய பொய். நீங்கள் அடுத்த ரீலுக்குத் தள்ளும்போது, நீங்கள் போய் மாற்றிவிட்டால்தான் டீ குடிக்க வரக்கூடியவர் அங்கே மெஷினில் நிற்கிறார். அவருக்கும் வெள்ளிக்கிழமைதான். நல்ல சரக்கு மீதி இருந்தால் அவர் பெயரைப் போட்டு அனுப்பிவிட்டு எழுந்திருங்கள். போன் லாக்கருக்கு, நீங்கள் லைனுக்கு, பில்லு கிளைமாக்ஸ் சொன்னவருக்கு.